வருஷத்தின் முதல் ஆள்

மணி அடித்தால் யாரென்று கேட்காமல் கதவைத் திறக்கிற ஒருவரை ஜேர்மனியில் நான் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். பான் நகரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருந்த ஐரிஷ் பெண்மணி அவர். தெருவாசலில் நிற்கிறவருடன் பேசுவதற்கென்று எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு பேச்சுப்பெட்டி உண்டு. அவர் தன்னுடையதில் குளிர்த்தொப்பியைக் கொழுவி வைத்திருந்தார்.

"வாறவை ஏதோ ஒண்டுக்குத்தான் வருவினம். கதவைத் திறந்தால் அது என்னெண்டு தெரியும்தானே" என்பார்.

நாங்கள் இருவரும் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்தான் பேசினோம். அவருடைய டொச் ஐரிஷ் இழுவையோடு இருக்கும், என்னுடையது யாழ்ப்பாண இழுவையோடு. இப்போது நினைத்தால் அவர் பேசியதெல்லாம் என் காதில் தமிழாகவே கேட்கிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பான் தலைநகராக இருந்த காலத்தில், ஒரு தூதரகக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தவர். அந்தக் குடும்பம் போன பிறகும் இவர் போகவில்லை. ஒரு ரயில் ஊழியரைக் கலியாணம் செய்தார், அவரும் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. நெடிய, மெலிந்த உருவம். வெள்ளை முடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருப்பார். என் பிள்ளைகள் அவரை ஐரிஷ் அன்ரி என்றார்கள்.

அந்த வீடு கிடைக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. போனில் பேசும்போது வீடு இருக்கும். நேரில் போய் என் முகத்தைக் கண்டதும் அது அரை மணி நேரத்துக்கு முன்பே வேறொருவருக்குப் போய்விட்டிருக்கும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. அதனால்தான் நாங்கள் குடிவந்த அந்த மார்கழியில், அதாவது டிசம்பரில், படிக்கட்டில் என்னை மறித்து அவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"உங்கட தலைமுடி இயற்கையாவே கறுப்போ, சாயமோ?"

இயற்கை என்றேன்.

"நல்லது. வருஷப்பிறப்பு அண்டைக்குக் காலமை எட்டு மணிக்கு என்ர வீட்டுக்கு வரேலுமோ? முதல் ஆளா வரவேணும். உங்களுக்கு முதல் ஒருத்தரும் வரக்கூடாது. கையில தின்னுறதுக்கு ஏதாவது கொண்டு வாங்கோ, வெறுங்கையோட வராதேங்கோ."

அவருடைய ஊரில், ஆண்டின் முதல்நாளான ஜனவரி ஒன்றில் கறுத்த முடியுள்ள ஆண் ஒருவன் முதலில் வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வருஷம் முழுக்க வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கையாம். அதுவரை வாசலைக் கூட்டமாட்டார்கள், கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றமாட்டார்கள், கதவைத் திறக்கமாட்டார்கள். இவர் அதற்கு மேலே, வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். வருஷம் முழுக்க யாருக்கும் கேட்காமல் திறக்கிற கதவு, அந்த ஒரு காலையில் மட்டும் எனக்காகப் பூட்டியிருக்கும்.

நான் வேலை செய்வது பாண் சுடுகிற ஒரு ரொட்டித் தொழிற்சாலையில். முதல் வருஷம் அங்கிருந்து ஒரு பெரிய கறுப்புப் பாணை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். வலது கால் உள்ளே போனதும் பெருமூச்சு விட்டு, "வந்திட்டியள்" என்றார். பிறகுதான் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்கட முழிவியளம்தானே இது" என்றாள். பயணம் புறப்படும்போது எதிரில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். "ஆனா இஞ்சை நீங்கள்தான் நல்ல வியளம். ஒரு இடத்திலையாவது எங்கட கறுப்பு உதவுது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் அவர் கேட்கவில்லை, நானாகப் போனேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் போனேன். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு என் தலை நரைக்கத் தொடங்கியதும், மார்கழி கடைசியில் கடையில் சாயம் வாங்கிப் பூசினேன். அதை மனைவியைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு முந்தின நாள் பொழுதுபட, தடித்த வெள்ளை மெழுகுதிரி ஒன்றைத் தெருப்பக்க ஜன்னலில் வைப்பார். அதை வீட்டிலேயே வயது குறைந்தவர் கொளுத்தவேண்டுமாம். அவர் வீட்டில் யாரும் இல்லாதபடியால் எங்கள் சின்ன மகள் போய்க் கொளுத்துவாள். தங்க இடம் கிடைக்காமல் அலைகிற ஒரு புருஷனும் பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் அந்த வழியாக வந்தால், இங்கே இடம் உண்டு என்று அந்த வெளிச்சம் சொல்லுமாம். மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை கூடுதலாக இருக்கும். அன்றைக்குத் தன் வீட்டுக் கதவை மட்டுமல்ல, தெருக்கதவையும் பூட்டவிடமாட்டார். அது பூட்டுவிழாமல் இருக்க ஒரு மரத்துண்டைச் செருகி வைப்பார்.

ஒரு வருஷம் அந்தக் கோப்பையில் உண்மையாகவே ஒருவர் சாப்பிட்டார். பார்சல் கொண்டுவருகிற ஒரு மனிதர். பின்னேரம் நாலு மணிக்குப் பக்கத்துத் தெருப் பார்சலோடு வழிமாறி உள்ளே வந்துவிட்டார். என் மனைவி மகளைக் கூட்டிவரக் கீழே போனபோது, அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உருளைக்கிழங்கும் இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஐரிஷ் அன்ரி பார்சல் முகவரியைக் கண்ணாடி போட்டு வாசித்து, போகிற வழியை ஒரு கடிதாசியில் கீறிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த கிழமை மூன்றாம் மாடிக்காரர் ஒரு தாள் கொண்டுவந்தார். தெருக்கதவு எந்த நாளும் எந்த நேரமும் பூட்டியிருக்கவேண்டும், ஜன்னலில் நெருப்பு எரியக்கூடாது என்று வீட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருந்தது. கீழே மூன்று கையெழுத்து இருந்தது. நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். இவர்களோடு எதற்குச் சோலி என்று நானும் போட்டுவிட்டேன்.

நிர்வாகம் அந்தத் தாளின் பிரதியை அவருக்கே அனுப்பியது. இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் கண்டபோது, "உங்கட கையெழுத்து நல்ல வடிவாயிருக்கு. உங்கட மொழி எழுத்தோ அது?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அடுத்த நத்தாருக்கு மெழுகுதிரிக்குப் பதிலாக பற்றரியில் எரிகிற திரி ஒன்றை வைத்தார். மகளைக் கூப்பிட்டு அதன் சுவிட்சைப் போடச் சொன்னார். மரத்துண்டு பழையபடி தெருக்கதவில் இருந்தது.

தை, அதாவது ஜனவரி, ஆறாம் தேதி அவர் ஊரில் பெண்களின் நத்தார். அன்றைக்குப் பெண்கள் ஒரு வேலையும் செய்யமாட்டார்களாம், ஆண்கள்தான் சமைக்கவேண்டுமாம். என் மனைவியைத் தன் வீட்டில் கதிரையில் இருத்தி வைத்துக்கொண்டு, என்னை மேலே சமைக்க விடுவார். ஒருமுறை நான் மீன்குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் தரச் சொன்னார். சாப்பிட்ட கோப்பையை எடுக்க மனைவி எழும்பினாள். அவர் தன் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டி அவளை மறித்து, என்னைக் கண்ணால் காட்டினார்.

அவர் ஏன் ஆண்டின் முதல் ஆளுக்காக அவ்வளவு பிடிவாதமாகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது பல வருஷங்கள் கழித்துத்தான். ஒரு தை முதலாம் தேதி, பாணும் வெண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் தலையைத் தடவிச் சொன்னார்.

"இது சின்னனில செக்கச் செவேல் எண்டு இருந்தது. எங்கட ஊரில செம்பட்டை முடிக்காரி எதிர்ப்பட்டால் வள்ளம் கடலுக்குப் போகாது. என்ர அப்பா மீன்பிடிகாரர்."

அதனால் வள்ளங்கள் எல்லாம் போகும்வரை அவரைக் காலையில் வெளியே விடமாட்டார்களாம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பிந்திப் போவார், தினமும் அடி விழும். ஏன் பிந்தியதென்று ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லமாட்டார். ஒருநாள் தகப்பன் சாப்பாட்டுப் பொதியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியிருக்கிறது. தகப்பன் திரும்பிப் பார்த்தார். துடுப்பை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு மற்ற எல்லா வள்ளத்துக்கும் நிறைய மீன் பட்டது.

"ஒரு கிழமையா அப்பா என்னோட கதைக்கேல்லை. அடிச்சிருந்தால் பரவாயில்லை" என்றார். "வருஷப்பிறப்பு அண்டைக்கும் என்னை உள் அறையில விட்டுப் பூட்டிப் போடுவினம். கறுத்த முடிக்காரன் வந்து போனாப் பிறகுதான் திறந்து விடுவினம். அந்த ஆள் எப்ப வருவார் எண்டு கதவடியில காதை வைச்சுக்கொண்டு இருப்பன். ஆர் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், விளங்குதே?"

விளங்கியது. எனக்கு ஏன் அது அவ்வளவு நன்றாக விளங்கியது என்று அவருக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

என் அப்பா இறக்கும்போது அம்மாவுக்கு முப்பத்தொரு வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒரு காரியத்துக்குப் புறப்பட்டால், அம்மா தானாக அடுப்படிக் குசினிக்குள் போய்விடுவார். யாரும் போகச் சொன்னதில்லை, போகவேண்டாம் என்றும் சொன்னதில்லை. நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்றும் அப்படித்தான். வாசலில் சித்தப்பா, அக்கா, அயல்சனம் எல்லாரும் நின்றார்கள். "நேரம் போகுது, திரும்பிப் பாராமல் நட" என்றார் சித்தப்பா. குசினிச் சுவரின் ஓரத்தில் சீலைத் தலைப்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. பிறகு முகத்தைப் பார்க்கப் பதினொரு வருஷம் எடுத்தது. அக்கா டுசல்டோர்ஃபுக்கு அவரைக் கூப்பிட்டு எடுத்த பிறகுதான் பார்த்தேன்.

நான் சொல்லி முடித்ததும் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த வருஷம் உங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ முதல் ஆளா வரட்டும்."

"அம்மாவின்ர தலை முழுக்க வெள்ளை" என்றேன்.

"இது என்ர கதவு. நல்ல ஆள் ஆர் எண்டு நான்தான் சொல்லுவன்."

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பயந்துபோனார். "எனக்கு ஏலாது தம்பி. அந்த மனிசிக்குப் பிறகு ஏதும் நடந்துதெண்டால்?" என்றார். ஆனால் ஐப்பசியில் போனபோது, தானாகக் கேட்டார்: "அங்கை வாசல்ல படி இருக்கோ? வலக்காலைத்தானே வைக்கிறது?" கார்த்திகையில், "என்னத்தைக் கொண்டு போறது? பயத்தம் பணியாரம் சுட்டால் அவ தின்னுவாவோ?" என்று கேட்டார். கீழ்வீட்டிலும் ஆயத்தம் நடந்தது. கதவுக்கு உட்பக்கத் தாழ்வாரத்தில் அம்மா இருந்து சப்பாத்துக் கழற்றுவதற்கென்று ஒரு கதிரை வந்தது. அதற்குச் சிவப்புத் துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தார். அந்த வருஷம் அவருக்குச் சர்க்கரை கூடி, கால் வீங்கி, தினமும் காலையில் வீட்டுத் தாதி ஒருத்தி வந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். அந்தக் காலோடுதான் இதையெல்லாம் செய்தார்.

மார்கழி முப்பதாம் தேதி லண்டனிலிருந்து மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அவருடைய மகளுக்கு ஸ்ருட்கார்ட் பக்கம் ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. முதலாம் தேதி பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

முப்பத்தோராம் தேதி மத்தியானம் நான் அம்மாவைக் கூட்டிவரக் கார்ச்சாவியை எடுத்தேன். எங்கே, எதற்குப் போகிறேன் என்று மச்சான் கேட்டார். சொன்னேன். அவர் குளியலறையில் என் தலைச்சாயப் பெட்டியை முன்னமே கண்டிருந்தார். இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்.

"அப்ப நீ வருஷாவருஷம் சாயம் அடிச்சுக்கொண்டு வெள்ளைக்காரிக்கு வியளத்துக்குப் போறனியோ?" என்று சிரித்தார். அவருடைய பிள்ளைகளும் சிரித்தார்கள். என் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிற்பாட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பகிடி இருக்கட்டும். மாமியை இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வராதை. நாளைக்கு நல்ல காரியம் ஒண்டு இருக்கு. விடிய எழும்பி முதல்ல அவவின்ர முகத்தில முழிக்கேலாது. நான் பிழையாச் சொல்லேல்லை, உனக்கு விளங்கும்தானே."

அந்த மனிதரை வெளியே போகச் சொல்லியிருக்கவேண்டும். குறைந்தது, என் அம்மாவைப் பற்றி அப்படிப் பேசாதே என்றாவது சொல்லியிருக்கவேண்டும். "ஓம், அதுவும் சரிதான்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "கீழை வாக்குக் குடுத்தனீங்களெல்லே" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அண்ணன் என்பதால் அதோடு குசினிக்குள் திரும்பிவிட்டாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஐரிஷ் அன்ரி திடீரென்று தன் ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

"சரி தம்பி" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

கீழே போய், வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பத்துப் படிதான். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், பொழுது போய்விட்டது. ஆறு மணியளவில் கீழே கதவில் டொம் டொம் என்று சத்தம் கேட்டது. பழைய வருஷத்தின் கடைசி நாள் பாணால் கதவில் அடித்துப் பசியைத் துரத்துவது அவருடைய வழக்கம். அது அந்தக் கிழமை நான் கொடுத்த பாண்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது மணிக்குத் தாதி வந்து மணி அடிப்பது கேட்டது. கதவு திறக்கவில்லை. ஏதோ பேச்சுக் கேட்டது. பிறகு அவள் மேலே ஏறி எங்கள் கதவைத் தட்டினாள். மஞ்சள் முடியுள்ள இளம் பெண்.

"கீழே அவர் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். நல்லாத்தான் பேசுகிறார். முதலில் வேறு யாரோ வரவேண்டுமாம், என்னைப் பிறகு வரச் சொல்கிறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்கு எல்லாம் தெரியும். "அவருக்கு ஒரு விருந்தாளி வருவார். நீங்கள் மற்ற ஆட்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. அவருடைய நம்பர். மச்சான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கவில்லை. ஒருமுறை கேட்டதை இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ரைன் கரைக்கு நடக்கப் போனோம். அவருடைய கதவைக் கடந்துதான் போகவேண்டும். பிள்ளைகள் சத்தம் போடாமல் இறங்கவேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்ட சின்ன மகளிடம், அன்ரி நித்திரை என்றேன். எட்டுப் பேர் கள்ளர் மாதிரி அந்தக் கதவைத் தாண்டினோம். உள்ளே கதிரை ஒன்றை அரக்கி நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

நாங்கள் திரும்பி வரும்போது வாசலில் அம்புலன்ஸ் நின்றது. தாதி மூன்று மணிக்குத் திரும்ப வந்திருக்கிறாள். உள்ளே இருந்து பதில் இல்லாதபடியால் உதவிக்கு அழைத்திருக்கிறாள். தீயணைப்புப் படைக்காரர் பூட்டை உடைத்திருக்கிறார்கள். அவர் சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். மயங்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் விழுந்து கிடந்தது தாழ்வாரத்தில், அந்தச் சிவப்பு மெத்தைக் கதிரைக்குப் பக்கத்தில் என்று தாதி சொன்னாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். "உங்கள் விருந்தாளி வரவில்லை" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வந்தார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

நாலாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழி முழுக்கத் தயார் செய்திருந்தேன். கட்டிலில் அவர் முன்பைவிடச் சிறுத்துத் தெரிந்தார். என்னைக் கண்டதும் முதலில் மன்னிப்புக் கேட்டவர் அவர்தான். வருஷப்பிறப்பு நாளில் வீடு முழுக்கக் கலவரமாகிவிட்டதாம், உடைந்த பூட்டால் எங்களுக்கும் இடைஞ்சலாம்.

"நாங்கள் அண்டைக்கு வீட்டில இல்லை" என்றேன். "டுசல்டோர்ஃபில நிண்டிட்டம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கண் சாம்பல் நிறம்.

"காலமை தொடக்கம் மேலை கன பேர் நடக்கிற சத்தம் கேட்டது" என்றார். "உங்கட அம்மா வந்திட்டா எண்டு நினைச்சன். வயசான மனிசி, வெளிக்கிட நேரம் எடுக்கும், படியிறங்கவும் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தக் கூடாதெண்டு இருந்தன். ஒருக்கால்தான் போன் எடுத்தன். வந்தவவோ?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "குளிர்தானே" என்றார். நான் சொல்லவேண்டிய சாட்டுப்போக்கையும் அவரே எனக்காகத் தேடிக் கொடுத்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகும் நாலு தடவை போனேன். நாலு தடவையும் காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

மாசியில் அயர்லாந்திலிருந்து அவருடைய பெறாமகள், சகோதரியின் மகள், வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். வீட்டை ஒழித்துக் கொடுக்க நான் உதவினேன். காரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "ஒவ்வொரு வருஷமும் நீங்கள் தவறாமல் வந்தனீங்கள்" என்றார். நான் காரின் கதவைச் சாத்தினேன்.

அம்மாவிடம் சொல்ல சித்திரை ஆகிவிட்டது. அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், அம்மா குசினி மேசையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் சொன்னதையும் நான் ஓம் என்றதையும்கூடச் சொன்னேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்டைக்கு நீ சொன்னது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீ கூட்டிக்கொண்டு போவாய் எண்டு நான் நினைச்சிருக்கேல்லை. பணியாரத்துக்கு மா வறுக்கவும் இல்லை."

நான் அழுதேன். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த மனிசி சாப்பிடாமலோ இருந்தவ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"விடியத் தொடக்கம். விழும் வரைக்கும்."

"வந்த நேர்ஸையும் உள்ளை விடேல்லை?"

"விடேல்லை."

அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எண்பது வயதான அந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை, அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"என்னைப் பாத்துக்கொண்டோ இருந்தவ?" என்றார். "நான்தான் முதல் வரவேணும் எண்டோ?"

ஓம் என்றேன்.

இப்போது அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்கிறார். நான் செய்தது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த இடத்தில் "அதை விடு, பிறகு நடந்ததைச் சொல்லு" என்பார். போன கிழமை கோயிலிலிருந்து வந்த இரண்டு அக்காமார் சோபாவில் இருந்தார்கள். நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். அம்மா என் சேர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"இவையளுக்கும் சொல்லு தம்பி. நான் படியிறங்க நேரம் எடுக்கும் எண்டு அவ பாத்துக்கொண்டு இருந்தது. அதைச் சொல்லு."

சொன்னேன்.